கறுப்புத் தோல்

— தோல எங்க கொட்டுன, பொன்னாயி? காட்டு.

— அதாங்க அத்தாயக்கா, குப்பக்குழியோரம். ஏனுங்க, ஆட்டுக்கு வேணுமுங்களா?

— எங்க வெள்ளாடு அதுல வாய வச்சுட்டுத்தான் நொரை தள்ளிக் கெடக்குது. என்னத்த அவிச்ச, அம்மிணி?

— சக்கரவள்ளிக் கெழங்குங்க. நேத்து சேந்தமங்கலம் சந்தையில மலையிலிருந்து எறங்குன ஒரு அம்மாகிட்ட பழைய சீலையக் குடுத்து மாத்துனேன். சீமையில சண்டை வந்ததுலருந்து கடையில அரிசியும் இல்ல, கம்பும் இல்ல. என்ன பண்றதுங்க?

— இதுவா சக்கரவள்ளி? நல்லாப் பாரு. கறுத்த தோலு, மேலெல்லாம் மசுராட்டம் வேரு. சக்கரவள்ளி செவப்பா, வழுவழுன்னு இருக்கும். பச்சையா நறுக்குனா பாலு கசியும், கொடி தரையில படரும். இது மரமேறுற கொடி, அம்மிணி. பேய்வள்ளி!

— அதையும் வள்ளின்னுதானுங்க அந்தம்மா சொன்னாங்க! செவப்பும் கறுப்புமா ஒரே சாக்குல போட்டுக் குடுத்தாங்க. கறுத்ததத் தண்ணியில போடச் சொன்னாங்க, சந்தை எரைச்சல்ல சரியாக் கேக்கல. கழுவத்தாஞ் சொல்றாங்கன்னு நெனச்சேனுங்க.

— கழுவறதா! அரிஞ்சு, ஓடற தண்ணியில மூணு நாளு போட்டு வைக்கோணும். அப்புறமும் தண்ணிய மாத்தி மாத்தி அவிக்கோணும். எங்கூர்ல மழை பேயாத வருசம், எந் தங்கச்சி பசி தாங்காம ஒரே நாள்ல எடுத்துத் தின்னுட்டா. பொழுது சாயறதுக்குள்ள கையும் காலும் இழுத்துக்கிச்சு. எட்டு வயசு அவளுக்கு.

— சொல்லாதீங்கக்கா... அப்பிடியெல்லாம் சொல்லாதீங்க.

— யாராரு தின்னீங்க?

— பாப்பா ஆராயி தின்னா. அவுங்கப்பா கெணத்துல மாடு கட்டிக் கவலையில தண்ணியெறைக்கப் போறப்ப தூக்குப்போசியில கொண்டுபோனாங்க. ரெண்டையும் ஒண்ணா அவிச்சு உரிச்சேனுங்க. உரிச்சதுக்கப்புறம் எல்லாம் ஒண்ணாட்டந்தான் இருந்துச்சு.

— நீயி?

— என்னய உடுங்க. பாப்பா தூங்கறாளேக்கா, தின்னவ அப்பிடியே படுத்துத் தூங்கறாளே!

— எழுப்பு! தூங்க உடாத! ஆராயி, கண்ணத் தொற சாமி!

— எந் தங்கமே, அம்மா கூப்புடறேன்! அக்கா, தலை தொவளுதுங்க!

— மூஞ்சில தண்ணியடி. இன்னும் அடி. ம்... முழிக்கறா. அழு சாமி, நல்லா அழு. நாக்க நீட்டு. செவக்கல, தடிக்கல. கையில என்ன ஒட்டியிருக்குது?

— கெழங்குதானுங்க. ஐயோ, நீங்க நக்கிப் பாக்காதீங்க!

— சும்மா இரு... இனிக்குது. அம்மிணி, இது சக்கரவள்ளி! புள்ள தூக்கக் கலக்கத்துலதான் தொவண்டிருக்கா.

— அப்ப அவியளுக்கு ஒண்ணு மாறிப் போயிருந்தா?

— புள்ளைய இடுப்புல வையி. கெணத்து மேட்டுக்கு ஓடு!

— மாமா! மாமோவ்! போசியத் தொடாதீங்க!

— அட, என்ன பொன்னாயி, ஊடு தீப்பத்திக்கிச்சா? இரு இரு, மாட்ட நிறுத்திக்கறேன். அத்தாயக்காவும் ஓடியாறாங்களே!

— காளியண்ணா, கெழங்கத் தின்னுட்டியா?

— தின்னேனுங்க. மூணுல ரெண்டு தின்னாச்சு. ஏனுங்கக்கா?

— தொண்டை காந்துதா? நாக்கு மரத்துப்போச்சா? நேரா நில்லு, தலை சுத்துதா?

— அட, ஒண்ணுமில்லீங்க. வெல்லமாட்டம் இருந்துச்சு. இந்தாங்க, மிச்சம் ஒண்ணு, நீங்களே பாருங்க.

— குடு... இனிப்புதான். சக்கரவள்ளியேதான். ஆத்தா காப்பாத்திட்டா!

— நெசமாலுமுங்களா? அவியளுக்கு ஒண்ணும் ஆகாதே? பாப்பாவுக்கும் ஆகாதே?

— ஆகாது, அம்மிணி. ஆனா கறுப்புத் தோலு ஒரு கூடை கெடந்துச்சே, அந்தக் கெழங்கெல்லாம் எங்க? சட்டியில இருந்தா இப்பவே போயிப் பொதைக்கோணும்.

— சட்டி காலிங்கக்கா.

— காலியா? பொன்னாயி, ஏங் கண்ணு தரையில உக்காந்துட்ட? புள்ளைய இப்பிடிக் குடு.

— ஒண்ணொண்ணா நுனியக் கிள்ளி வாயில வச்சுப் பாத்தேனுங்க, மாமா. இனிச்சதயெல்லாம் உங்க ரெண்டு பேத்துக்கும் எடுத்து வச்சேன். கசந்தத வீசியெறிய மனசு வரலீங்க. அத்தனையும் நாந் தின்னுட்டேன்.