இரண்டாம் எண் வில்லை

பிப்ரவரி ஒன்பது, திங்கட்கிழமை, காலை பதினொன்றரை மணிக்குக் குவாரியின் வடகரையில் இருக்கும் பலகையில் ஒரு வில்லைகூட இல்லை.

அந்தப் பலகையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். நாற்பது கொக்கிகள், நாற்பது பித்தளை வில்லைகள். தண்ணீரில் இறங்குகிறவர் தன் எண் பொறித்த வில்லையைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொக்கியில் மாட்ட வேண்டும். ஏறி வந்ததும் அவரே அதைக் கழற்றிப் பெட்டியில் போட வேண்டும். அடுத்தவர் வில்லையை யாரும் தொடக் கூடாது. வில்லை தொங்கினால் உள்ளே ஆள் இருக்கிறார். பலகை காலி என்றால் தண்ணீர் காலி. ஒரு விதியை இதைவிட எளிமையாக எழுத எனக்குத் தெரியவில்லை.

கல் தீர்ந்து, ஊற்று நிறைந்து, குப்பை கொட்டுகிறவர்கள் மட்டும் வந்துபோன குழி அது. கடல் அங்கிருந்து ஐந்நூறு கிலோமீட்டர். அந்த ஊர்க்காரர்களும் ஆழத்தில் மூச்சுவிடப் பழகலாம் என்று வரைபடம் போட்டவன் நான். அடியில் எதை எங்கே இறக்குவது என்று ஒன்றரை வருடம் வரைந்தேன். எங்கும் போகாத ஒரு மாடிப்படி, ஒரு தொலைபேசிக் கூண்டு, பதினான்கு மீட்டரில் ஒரு பழைய பேருந்து. சன்னல் வழியாக நுழைந்து யாரும் சிக்கிக்கொள்ளக் கூடாதென்று எல்லாச் சன்னலுக்கும் கம்பி வலை அடித்தேன். குமிழிகள் வெளியேறக் கூரையில் துளை போட்டேன். சுற்றிலும் செங்குத்தான பாறை என்பதால் ஏறி வர ஒரே ஓர் இரும்பு ஏணி. திருட்டுத்தனமாக இறங்குகிறவர்களுக்குப் பயந்து, வேலை முடிந்ததும் அதைச் சங்கிலியில் மேலே தூக்கிவிடுவோம்.

பயிற்சி கொடுத்தது என் தம்பி. வாடிக்கையாளர்கள் அவனுக்காகத்தான் வந்தார்கள். எனக்கு அவர்கள் வைத்த பெயர் வில்லைக்காரர். அதைச் சொல்லிக்கொடுத்ததும் அவன்தான்.

ஆளில்லாத நேரத்தில் யாரும் நுழையாதிருக்கப் பேருந்தின் இரண்டு வாசலுக்கும் கம்பிக்கதவு வைத்து, கரையிலிருந்து ஒரு நெம்புகோலை இழுத்தால் இரண்டும் மூடிக்கொள்ளும்படி செய்தேன். அதைக் காட்டியபோது தம்பி சிரிக்கவில்லை. அபூர்வம் என்பதால் நினைவிருக்கிறது.

"உள்ளே ஆள் இருந்தா என்னண்ணே பண்ணுவீங்க?"

"பலகையைப் பார்த்துட்டுத்தான் இழுப்பேன்."

"அப்போ எங்க உசிரு உங்க பலகையிலதான் தொங்குதுன்னு சொல்லுங்க."

"ஆமா. அதுக்குத்தான் அதை அடிச்சு மாட்டியிருக்கேன்."

இவ்வளவு தெரிந்தவன் ஒருநாளும் தன் வில்லையை மாட்டியதில்லை. வகுப்பு முடிந்ததும் தொங்குகிற எல்லாவற்றையும் வேர்க்கடலை அள்ளுகிற மாதிரி ஒரே கையில் அள்ளிப் பெட்டியில் கொட்டுவான். "தலையை எண்ணியாச்சுண்ணே, தகரத்தை எதுக்கு எண்ணணும்?" என்பான். அது தகரமில்லை, பித்தளை.

நான்கு வருடங்களுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை, அவன் அப்படி அள்ளிய வில்லைகளில் ஒன்றாம் எண்ணும் இருந்தது. அது என்னுடையது. நான் மாடிப்படியின் அடியில் திருகாணி முடுக்கிக்கொண்டிருந்தேன். மேலே வந்தபோது ஏணி இல்லை. எல்லோரும் வண்டி ஏறிச் சாப்பிடப் போயிருந்தார்கள். தண்ணீர் பதினொரு டிகிரி. உள்ளங்கை அகலப் பாறை விளிம்பு ஒன்றைப் பிடித்துக்கொண்டு இரண்டு மணி நாற்பது நிமிடம் கத்தினேன். இடது கையில் இரண்டு விரல்களுக்கு இன்றுவரை உணர்ச்சி இல்லை. தேநீர் சுட்டாலும் தெரியாது.

திரும்பி வந்து எட்டிப் பார்த்தவன் கேட்டது இதுதான்: "என்னண்ணே, மீன் ஏதாச்சும் மாட்டுச்சா?"

அதற்குப் பிறகு ஏணி இறக்கினான், கம்பளி போர்த்தினான், அழவும் செய்தான் என்று அவன் மனைவி உங்களிடம் சொல்லியிருப்பாள். உண்மைதான். ஆனால் அடுத்த வாரத்திலிருந்து ஒவ்வொரு வகுப்பையும் அந்தக் கதையைச் சொல்லித்தான் தொடங்கினான். நான் பாறையைப் பிடித்துத் தொங்கியதை நடித்துக் காட்டுவான். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்து முடித்ததும், "அதனால வில்லையை மறக்காம மாட்டுங்கப்பா, இல்லேன்னா எங்கண்ணன் கதிதான்" என்பான். நான்கு வருடம், வாரத்துக்கு ஆறு வகுப்பு. பத்தடி தள்ளி நின்று சிலிண்டர் துடைத்துக்கொண்டு ஒவ்வொன்றையும் கேட்டேன். ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. விசாரித்துப் பாருங்கள்.

அந்தத் திங்கட்கிழமை விடுமுறை. சிலிண்டர்களுக்குக் காற்று அடிக்கிறவர் இயந்திரத்துக்கு வார் வாங்க வெளியே போயிருந்தார். பேருந்துக்குள் நைந்துபோன வழிகாட்டிக் கயிற்றை மாற்றத் தம்பி இறங்கினான். கரையில் காவல் நான். பத்து முப்பத்தைந்துக்கு அவன் பெட்டியைத் திறந்து, இரண்டாம் எண்ணை எடுத்து, ஒன்பது வருடத்தில் முதல் முறையாக மாட்டினான்.

"பாத்துக்குங்க வில்லைக்காரரே. மாட்டிட்டேன்."

"இன்னைக்கு என்ன புதுசா?"

"பேருந்துக்குள்ள போறேன்ல. உங்க கதவு இருக்கே, அதுக்குத்தான்."

சிரித்துவிட்டு இறங்கினான். நான் நின்று யோசித்தேன். அவனுக்கு விதி தெரியாமல் இல்லை. பலகையின் அருமையும் தெரியாமல் இல்லை. தன் உயிர் என்றதும் கை தானாகப் பெட்டிக்குப் போகிறது. என் வில்லையை அள்ளிக் கொட்டிய அதே கை. இத்தனை வருடமும் மறதி என்று நினைத்திருந்தேன். மறதியை மன்னித்திருப்பேன்.

பத்து ஐம்பதுக்குக் குமிழிகள் பேருந்தின் கூரைக்கு நேர்மேலே வரத் தொடங்கின. பலகையைப் பார்த்தேன். காலியாக இருந்தது. விதிப்படி நெம்புகோலை இழுத்தேன்.

நெம்புகோலிலிருந்து கதவுகளுக்குப் போகும் இழுகம்பியில் கை வைத்துக்கொண்டு நின்றேன். சற்று நேரத்தில் அது அதிர்ந்தது. மும்மூன்றாகத் தட்டினான். திற என்பதற்கு நான் வகுத்த சைகை அது. தட்டல்களுக்கு நடுவே நான்கு நொடி இடைவெளி விட வேண்டும், விட்டான். பாடத்தை நன்றாகத்தான் கற்றிருக்கிறான். பிறகு இடைவெளி குறைந்தது. பதினொன்று இருபத்து நான்குக்குக் குமிழிகள் நின்றன. பதினொன்றரைக்கு மறுபடி பலகையைப் பார்த்துவிட்டு ஏணியைத் தூக்கினேன்.

பன்னிரண்டு மணிக்குக் காற்று அடிக்கிறவர் வந்தார்.

"சின்னவர் எங்கே சார்? வார் கெடச்சிடுச்சுன்னு சொல்லணும்."

"பலகையைப் பாருங்க."

"ஒண்ணுமில்லையே சார்."

"அப்போ உள்ளே யாருமில்லை."

அவர் தலையாட்டிவிட்டு நகர்ந்தார். பிறகு ஏணி மேடையில் கிடந்த தம்பியின் செருப்பைப் பார்த்தார். அவர்தான் காவல் நிலையத்துக்குப் போன் செய்து உங்களை அழைத்தார்.

இரண்டாம் எண் வில்லை என் சட்டைப்பைக்குள் எப்படி வந்தது என்று மூன்று முறை கேட்டுவிட்டீர்கள். பத்து நாற்பத்தெட்டுக்கு நான்தான் அதைக் கொக்கியிலிருந்து கழற்றினேன். அடுத்தவர் வில்லையைத் தொடக் கூடாது. ஒன்பது வருடத்தில் நான் விதியை மீறியது அந்த ஒரு முறைதான். அதற்கு என்ன தண்டனையோ, கொடுங்கள்.

கதவை மறுநாள் காலை வெட்டித் திறந்தார்கள். புதுக் கயிற்றை முழுதாகக் கட்டி முடித்திருந்தான்.