மொளகு மாத்திரை

ஜன்னலோரம் நீயே ஒக்காந்துக்க கண்ணு, எனக்கு மலை வளைவு பாத்தா தல சுத்தும். அந்தா, டிரைவருக்குப் பின்னால, பெல்ட்டுல புது ஓட்டை போட்டு இறுக்கிக்கிட்டு ஒக்காந்திருக்காரே, அவருதான் எங்க ஊட்டுக்காரரு. ஏன் தனித்தனியான்னா கேக்கற? சொல்றேன் இரு.

சேலத்துல ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வாழவந்திக்குத் திரும்பறோம். போன வருசம் வயித்தச் சின்னதாக்கி ஆபரேசன் பண்ணுனாங்க. நூத்திருபது கிலோ மனுசன், சக்கரை நோவு வேற! அப்பல்லாம் அவரு ஒக்காந்தா பக்கத்துல ஒரு பை வெக்க எடமிருக்காது.

சக்கரை போயிருச்சான்னா? அப்பிடிச் சொல்லப்படாதாமா. நானும் இப்பிடிக் கேட்டுத்தான் டாக்டரம்மாகிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டேன். போகலியாம், அடங்கியிருக்குதாம். ஆளு எளைச்சா மட்டும் பத்தாது. மாத்திரைய சுத்தமா நிறுத்தோணும். மூணு மாசமாவது கழிச்சு ஒரு ரத்த டெஸ்ட்டு. அது இன்னிக்குச் சக்கரைய மட்டும் சொல்லாது, ரெண்டு மூணு மாசத்து வண்டவாளத்தையும் சொல்லிப்போடும். ஆறரைக்குக் கீழ வந்தாத்தான் அடங்குச்சுன்னு அர்த்தம். அப்பறமும் வருசா வருசம் பாக்கோணும், தலையத் தூக்குனாலும் தூக்குமாம்.

இவருக்கா? ஆறு புள்ளி ஒண்ணு! சந்தோசத்துல மனுசன் லட்டு வாங்கக் கெளம்பிட்டாரு. சக்கரை அடங்குனதுக்கு லட்டாம்!

எனக்கும் நொம்ப சந்தோசந்தான். ஆனா மாத்திரைய நிறுத்தச் சொன்னப்ப எனக்குப் பகீர்னுச்சு கண்ணு. எந்தம்பி கல்யாணத்துல மொதப் பந்தியில ஒக்கார வெக்கலீன்னு எட்டு வருசமா எங்கிட்டப் பேசாத ஆளு அவரு. காத்தால கைய நீட்டி, மாத்திரைம்பாரு. பொழுதுபோனா கைய நீட்டி, மாத்திரைம்பாரு. எங்க குடும்பத்துப் பேச்சே அவ்வளவுதான். அதுவும் நின்னுபோச்சு. ஊடே கம்முனு கெடந்துச்சு, அழுதுபோட்டேன்.

அவருக்கே ஒரு வாரம் தாங்கல. காப்பி ஆத்திக்கிட்டு இருக்கறேன், முன்னால வந்து கைய நீட்டி, மாத்திரைங்கறாரு! என்ன பண்ணுவேன்? நம்ம தோட்டத்து மொளகு ஒண்ணு எடுத்து வெச்சேன். மூஞ்சி சுளிக்காம முழுங்கிப்போட்டாரு. அன்னிலிருந்து ரெண்டு வேளையும் மொளகுதான்.

இன்னிக்கு டாக்டரம்மா, மருந்து எதாச்சும் தொட்டாரான்னு கேட்டாங்க. மொளகு கணக்குல வருமான்னு கேக்க வாயத் தொறந்தேன். மேசைக்கடியில என் கையப் புடிச்சு அமுக்குனவரு, பஸ் ஸ்டாண்டு வர்ற வரைக்கும் விடல.

எட்டு வருசம் கழிச்சுக் கையப் புடிச்சா வெக்கமா இருக்காதா கண்ணு? அதான் இங்க வந்து ஒக்காந்தேன்.