இடைவேளைச் சீட்டு

ஜூன் பன்னிரண்டாம் தேதி, வியாழக்கிழமை, பிற்பகல் மூன்று பத்துக்கு ஃபேக்டரிச் சங்கு அலறியபோது என் வாயில் தேநீர் இருந்தது. அன்றைக்கு ஏழாவது கிண்ணம். டீ மேக்கராக இருப்பவன் தேநீரைக் குடிப்பதில்லை. உறிஞ்சி, நாக்கில் புரட்டி, துப்பிவிடுவான். நானும் துப்பினேன். நோட்டில் ‘லேசாகப் புகை வாடை’ என்று எழுதினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். வேளை கெட்ட வேளையில் சங்கு ஊதினால் எஸ்டேட்டில் எல்லோரும் ஓடுவார்கள். ஓடினால் நடந்தது நடக்காமல் போய்விடும் என்று ஒரு எண்ணம். நான் நடந்துதான் போனேன்.

இன்ஸ்பெக்டர், நான் தமிழில் சொல்வதை உங்கள் ரைட்டர் மலையாளத்தில் எழுதுகிறார். பொருள் கெடாமல் எழுதினால் போதும். முதலில் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் நல்லதம்பியை வீட்டுக்கு அனுப்புங்கள். பத்து நாளாக அவனைக் கூப்பிட்டு வைத்து ஒரே கேள்வியைக் கேட்கிறீர்கள். அவனும் ஒரே பதிலைச் சொல்கிறான், இரண்டு தட்டுக் கேட்டது என்று. அது உண்மை. பொய் சொல்லும் அளவுக்கு அவனுக்கு மூளை கிடையாது. அப்படிப்பட்டவன் பெயரில் என் காரியம் பதிவாகிக் கிடப்பது எனக்குப் பிடிக்கவில்லை. அதனால்தான் வந்தேன்.

என் பெயர் பஞ்சாபகேசன். சொந்த ஊர் பாலக்காட்டில் கல்பாத்தி. பள்ளிவாசல் ஊருக்கு மேலே இந்த எஸ்டேட்டில் பதினோரு வருஷமாக டீ மேக்கர். ஃபேக்டரி முழுவதும் என் பொறுப்பு. இந்த மலையில் பேசுவதற்கு ஆள் கிடையாது. பெரிய கிளார்க் முத்துசுவாமிக்குத் தன் சர்க்கரை வியாதியைத் தவிர வேறு விஷயம் தெரியாது. இப்படிப்பட்ட இடத்தில் ஒருவன் பைத்தியம் பிடிக்காமல் இருப்பதற்கு ஏதாவது வேண்டும். எனக்கு இன்டர் மிலான் இருந்தது.

சிரிக்க வேண்டாம். ஊருக்குத் திரும்பிய வெள்ளைக்கார அசிஸ்டென்ட் ஒருவர் ஸ்டாஃப் கிளப்பில் ஒரு அட்டைப் பெட்டியை விட்டுப்போனார். அதற்குள் இத்தாலியின் பதினாறு கால்பந்து கிளப்புகள் இருந்தன. ஒவ்வொரு ஆட்டக்காரனுக்கும் ஒரு அட்டை; அதில் அவன் வேகம், உதை, தெம்பு, மூன்றுக்கும் எண். ஆடினால் தெம்பு ஒன்று குறையும், ஓய்வெடுத்தால் ஏறும். ஒருவர் ஒரு கிளப்புக்கு மேனேஜர்; என்னுடையது இன்டர் மிலான். ஞாயிறு நாலு மணிக்குப் பதினோரு பெயரையும், ‘ஏறு’, ‘காத்திரு’, ‘அடை’ என்ற மூன்றில் ஒரு கட்டளையையும் துண்டுத்தாளில் எழுதி மடித்துக் கொடுக்க வேண்டும். பிறகு பகடை. இடைவேளையில் கால் மணி நேரம் டீ. அப்போது இன்னொரு சீட்டு எழுதி இரண்டு பேரை மாற்றலாம். சீட்டு கொடுக்காதவன் தோற்றவன். இப்படி முப்பது ஞாயிறு ஆடினால் ஒரு சீசன். ஜெயித்தவனுக்கு மேனேஜர் துரை கோப்பை கொடுப்பார், கிளப் சுவரில் உள்ள பலகையில் பெயர் எழுதுவார்கள். 1972, 73, 74 மூன்று வருஷமும் அதில் என் பெயர் இருக்கிறது. பகடை அதிர்ஷ்டம் என்பவர்கள் தோற்றவர்கள். பகடைக்கு முன்னால் எழுதும் சீட்டில்தான் ஆட்டம் இருக்கிறது.

போன நவம்பரில், கொழுந்துக் காட்டை மேற்பார்க்கும் கண்டக்டர் மாற்றலாகிப் போனார். அவருடைய காலியாரி கிளப்புக்கு ஆள் இல்லை. அடுப்புக்கு விறகு தள்ளும் கபிரியேல் அப்போது கிளப்புக்குக் கரி மூட்டை கொண்டுவந்திருந்தான். முத்துசுவாமி விளையாட்டாகக் கேட்டார்: “ஏம்பா கபிரியேல், இத்தாலியில ஒரு டீம் சும்மா கெடக்கு. எடுத்துக்கிறியா?”

“சாமி ஊரு டீமா சார்? போப்பாண்டவர் அங்கதான இருக்காக. குடுங்க” என்றான்.

எல்லோரும் சிரித்தோம். லயத்தில் குடியிருக்கும் கூலியாள் ஸ்டாஃப் கிளப்புக்குள் வரக்கூடாது. அதனால் அவன் ஜன்னலுக்கு வெளியே தூறலில் கோணியைத் தலையில் போட்டுக்கொண்டு நிற்பான். சீட்டைக் கம்பி வழியாகக் கொடுப்பான். பகடையைக் கம்பி வழியாக நீட்டினால் ஜன்னல் கட்டையில் உருட்டுவான். கோல்கீப்பருக்குச் சூசையப்பன் என்று பெயர் வைத்தான். இத்தாலியப் பெயர் அவன் வாயில் நுழையவில்லை.

பதினைந்தாவது வாரம் அவன் என்னை நாலுக்குச் சைபர் என்று அடித்தான்.

நான் ‘ஏறு’ எழுதுவேன் என்று அவன் சீட்டுக்குத் தெரிந்திருந்தது. என் முன்வரிசைக்காரர்கள் மூவருக்கும் தெம்பு இரண்டுதான் மிச்சம் என்பதும் தெரிந்திருந்தது. அதுவரை ஆடிய எல்லா ஆட்டத்தையும் மனசில் வைத்திருந்தால்தான் அது முடியும். மறுநாள் காலை கொழுந்துக் காட்டு வழியாகப் போனேன். செடிக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது: “ஏட்டி ரோசி, நாலும் சைபரும் நடந்து போகுது பாருட்டி.” வரிசை முழுக்கச் சிரித்தது. கூடை சுமக்கிற கூட்டம்.

அதற்குப் பிறகு கபிரியேலைக் கவனிக்க ஆரம்பித்தேன். ஆள் கரடிபோல இருப்பான். மூன்றாம் வகுப்பு. பேசினால் பாதி வாக்கியத்தில் மறந்துவிடுவான். ஒரு நாள் அடுப்படியில் நிறுத்திக் கேட்டேன்: “ஏண்டா, போன வாரம் எதுக்கு அந்த ஏழாம் நம்பரை உட்கார வச்சே?”

தலையைச் சொறிந்தான். “அப்பிடித்தான் தோணிச்சு சார். தப்புங்களா?”

எவ்வளவு நல்ல நடிப்பு என்று நினைத்தேன். இடைவேளை வந்தால் கிளப் மேட்டிலிருந்து லயத்துக்கு ஓடுவான். கால் மணி முடிவதற்குள் மூச்சிரைக்க வந்து இரண்டாவது சீட்டை நீட்டுவான். முத்துசுவாமி, பீடி குடிக்க ஓடுகிறான் என்பார். நான் அப்படி நினைக்கவில்லை. தனியாக உட்கார்ந்து யோசிக்க ஓடுகிறான். அறிவாளிக்குத் தனிமை வேண்டும். சீட்டில் எழுத்து முத்து முத்தாக, கான்வென்ட் எழுத்தாக இருக்கும். அவன் சொல்லச் சொல்லப் பெண்டாட்டி எழுதுகிறாள் என்று புரிந்துகொண்டேன். பேனா யார் கையில் இருந்தால் என்ன?

அவளையும் பார்த்திருக்கிறேன். கத்தரீனாள், கொழுந்து எடுப்பவள். ஒரு நாள் எடைக் கொட்டகையில் புதிதாக வந்த கண்டக்டரோடு மல்லுக்கு நின்றாள். போன மாதம் பதினெட்டாம் தேதி தன் கொழுந்து இருபத்தேழரை கிலோ, நீங்கள் இருபத்தாறு போட்டிருக்கிறீர்கள் என்றாள். தராசுச் சீட்டைத் தேடி எடுத்துப் பார்த்தால் இருபத்தேழரைதான். எடையில் கண்டக்டர் கிள்ளுவது எல்லா எஸ்டேட்டிலும் உண்டு. அதற்காகவே இந்தப் பெண்கள் மாசக்கணக்கில் எடையை நெஞ்சில் வைத்திருப்பார்கள். வாயாடி என்று நினைத்துக்கொண்டு போய்விட்டேன்.

இருபத்தொன்பது ஆட்டம் முடிந்தபோது காலியாரி என்னைவிட ஒரு புள்ளி மேலே. கடைசி ஆட்டம் எங்கள் இருவருக்கும். நான் ஜெயித்தே ஆக வேண்டும். அவனுக்குச் சமன் போதும். என் பெயருக்குக் கீழே, அதே பலகையில், அதே பெயின்டில், ‘கபிரியேல், அடுப்பு’ என்று எழுதுவார்கள். மூன்று வருஷத்தையும் அந்த ஒரு வரி அழித்துவிடும். பதினோரு வருஷத்தில் இந்த மலையில் எனக்குச் சமமாக ஒரே ஒரு மூளையைத்தான் கண்டேன். அது அடுப்புக்கு விறகு தள்ளியது. அது ஒழுங்கல்ல.

ஆட்டக்காரனை இடம் மாற்றுவது மேனேஜரின் உரிமை. மே கடைசியில் கபிரியேலை அடுப்பிலிருந்து எடுத்து விறகுக் கம்பிக்குப் போட்டேன். வெக்கையில் கண் கெட்டுவிடும் என்று சொன்னேன். கும்பிட்டான்.

விறகுக் கம்பியை நீங்கள் பார்த்தீர்கள். மேலே கிராண்டிஸ் மரக் காட்டிலிருந்து ஃபேக்டரி முற்றம் வரை இழுத்துக் கட்டிய இரும்பு வடம். மேலே நல்லதம்பி விறகுக் கட்டைக் கொக்கியில் மாட்டி விடுவான். நூறு கிலோ கட்டு, வந்து தூணில் கட்டிய பழைய டயரில் மோதி நிற்கும். கீழே இருப்பவன் கட்டை அவிழ்த்துவிட்டு, கல் சுவருக்குப் பின்னால் போய், தொங்கும் தண்டவாளத் துண்டை இரண்டு தட்டு தட்டுவான். இரண்டு என்றால் அனுப்பு. ஒன்று என்றால் நிறுத்து. ஜூன் மாத மூடுபனியில் மேலிருப்பவனுக்குக் கீழே எதுவும் தெரியாது. அவனுக்குக் கண் அந்தத் தண்டவாளம்தான்.

வியாழக்கிழமை மூன்று மணிக்கு ஒரு கொக்கி தூணுக்கு இரண்டு முழம் முன்னால் சிக்கிக்கொண்டது. கபிரியேல் மேடையில் ஏறி இரண்டு கையாலும் அதை ஆட்டிக்கொண்டிருந்தான். ஆறு கிண்ணம் ருசி பார்த்து முடித்திருந்தேன். கொஞ்சம் காற்று வாங்கலாம் என்று பின்கதவு வழியாக வந்தேன். என்னைப் பார்த்ததும் சிரித்தான்.

“மாட்டிக்கிச்சு சார். ஒரு நிமிசம்.”

“மெதுவா எடு. அவசரமில்லை” என்றேன்.

சுவருக்குப் பின்னால் போனேன். சுத்தியல் நனைந்திருந்தது. வேட்டியில் துடைத்துக்கொண்டு இரண்டு தட்டு தட்டினேன். ஒலி சுத்தமாக இருந்தது. வடம் சீறும் சத்தம் கேட்க ஆரம்பித்ததும் உள்ளே வந்து ஏழாவது கிண்ணத்தை எடுத்தேன். பின்கதவிலிருந்து மேஜைக்கு இருபத்திரண்டு அடி. அவன் கத்தினானா என்று கேட்காதீர்கள். உலர்த்தும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

இதைக் கோபத்தில் செய்ததாக எழுத வேண்டாம். எனக்கு அவன்மேல் மரியாதை இருந்தது. சாதாரண ஆள் ஒருவனுக்காக நான் இவ்வளவு சிரமப்பட மாட்டேன்.

அடுத்த ஞாயிறு, துக்கம் என்று முத்துசுவாமி ஆட்டத்தை ஒத்திவைத்தார். மூக்கைச் சிந்திக்கொண்டே ஒத்திவைத்தார். நேற்று நாலு மணிக்குப் பெட்டியைத் திறந்தார். காலியாரி சீட்டு கொடுக்கவில்லை என்றால் இன்டர் ஜெயித்ததாக அறிவிக்க வேண்டியதுதான். நான் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன்.

ஜன்னலில் கத்தரீனாள் நின்றாள். லயத்துப் பெண் எவளும் அதுவரை கிளப் பக்கம் வந்ததில்லை. கறுப்புச் சேலை, தலையில் அதே கோணி. கம்பி வழியாக மடித்த சீட்டை நீட்டினாள்.

“கடைசி ஆட்டம் சார். ஆடி முடிச்சிருங்க. பலகையில அவுக பேரு வரணும்.”

முத்துசுவாமி அழுதுவிட்டார். செத்தவன் முன்னாலேயே எழுதி வைத்த சீட்டு, அதனால் செல்லும் என்று தீர்ப்புச் சொன்னார். நானும் அப்படித்தான் நினைத்தேன். சரி என்றேன். செத்தவனோடு ஆடித் தோற்க எனக்கு வழியில்லை. முதல் சீட்டை அவன் எழுதிவிட்டான். இடைவேளையில் என்ன செய்வான்?

அவள் பகடையை உருட்டினாள். முதல் பாதியில் நான் ஒரு கோல் மேலே. டீ வந்தது. நான் இரண்டு பேரை மாற்றி எழுதி மடித்து வைத்தேன். காலியாரி தரப்பில் மாற்றம் இல்லை என்று எழுதிக்கொள்ளுங்கள் என்று முத்துசுவாமியிடம் சொன்னேன்.

“இருங்க சார்” என்றாள்.

எங்கும் ஓடவில்லை. இடுப்பு முடிச்சிலிருந்து பென்சில் துண்டை எடுத்தாள். பெட்டியில் இருந்த ஆட்டக்காரர் அட்டைகளைப் பார்க்கவில்லை. ஜன்னல் கட்டையில் தாளை வைத்து, உதடு அசைய ஏதோ எண்ணினாள். பிறகு முத்து முத்தாக எழுதினாள்: இரண்டு பெயர், ஒரு கட்டளை. நான் வாங்கிப் பிரித்தேன். களைத்துப்போன என் இடப்பக்கத்துக்கு நேராக, முழுத் தெம்போடு இரண்டு பேர். ‘ஏறு.’

கோப்பை யாருக்குப் போயிற்று என்பது இந்த வாக்குமூலத்துக்குத் தேவையில்லை. என் கையிலிருந்த தாள் நனைந்துவிட்டது என்பது மட்டும் நினைவிருக்கிறது. சாரல் உள்ளே அடித்திருக்கும்.

“இப்படி மாத்தணும்னு அவன் சாகறதுக்கு முன்னாடியே சொல்லி வச்சிருந்தானா?” என்று கேட்டேன்.

“அவுக என்னத்தச் சொல்லுவாக சார்? மொத ஆட்டத்துல இருந்து டீம் எழுதுனது பூராம் நாந்தான். அவுக சீட்டைக் கொண்டாந்து குடுக்குறதோட சரி.”