வெலார்ட் தீவுக்கு இன்று படகு வேண்டாம்

தலைமை ஏற்றிருக்கும் நகரமன்றத் தலைவர் அவர்களே, மறைந்த வின்சமின் கணவர் கிளைவ் அவர்களே, மண்டபத்தை நிறைத்திருக்கும் மீனவ நண்பர்களே, வணக்கம்.

எனக்கு மேடைப் பேச்சு வராது. ஒழுங்காகக் குறிப்பு எழுதி வந்தேன். காலையில் படகுத்துறையில் நடந்ததற்குப் பிறகு அதைப் படிக்க மனம் வரவில்லை.

வனக்காவலர் வின்சம் ஹாட்ரில்! சென்ற வாரம் மாரடைப்பு அவரைக் கொண்டுபோனது. வெலார்ட் தீவின் பூடிகளுக்கு இனி யார்? முயலளவு உடம்பு, வயிற்றில் பை, வளை தோண்டி வாழும் சாதுப் பிராணிகள். நம் கரையில் நரியும் பூனையும் அவற்றைத் தின்று தீர்த்துவிட்டன. தீவில் மட்டும் எப்படி எஞ்சின? அங்கே ஓர் எலிகூட ஏறவில்லை. ஏறவிடாதவர் யார்? வின்சம் ஹாட்ரில்!

தாய் தவறவிட்ட குட்டியைத் துணிப்பையிலிட்டு, சட்டைக்குள் சூடாக வைத்தபடியே நம் கூட்டங்களுக்கு வருவார். தீவுக்குப் படகேறும் எவருடைய பையையும், எலி இருந்தால் தப்பாதபடி கதவடைத்த அறையில் கொட்டிப் பார்ப்பார். ஒருமுறை ஓர் அமைச்சரிடம், "ஷூவைக் கழட்டுங்க சார், புல்விதை ஒட்டியிருக்கு" என்றார்.

"நான் யாருன்னு தெரியுமாம்மா?"

"உங்களைத் தெரியும் சார். உங்க ஷூ எங்கெல்லாம் போச்சுன்னுதான் தெரியாது."

இன்று அவருடைய அஸ்தியைத் தீவில் தூவப் படகுகள் காத்திருக்கின்றன. மலர்வளையம், கேக், ரொட்டி எல்லாம் ஏற்றியாகிவிட்டது. துக்கத்தில் இருப்பவர்களிடம் பையைத் திறக்கச் சொல்வதா என்று எல்லோரும் கூசினோம். நம் மீனவர் டார்சி தம் படகில் ரொட்டிக்கூடையைத் திறந்தார். எலி! துள்ளி மறைந்தது. ஒட்டி ஒட்டிக் கட்டிய படகுகளில் எதற்குள் போனது? யாருக்கும் தெரியாது.

"ஒரே ஒரு எலி வாத்தியாரே! அதுக்கும் துக்கம் இருக்காதா? வரட்டும் விடுங்க" என்றார் டார்சி. எல்லோரும் சிரித்தார்கள்.

நண்பர்களே, அது சினை எலியாக இருந்தால்? பெருகி, பூடிகளின் தீனியையும் குட்டிகளையும் தின்று தீர்க்காதா? அந்தத் தீவைவிட்டால் பூடிகளுக்கு வேறெங்கே இடம்? அவரை வழியனுப்பப் போய், அவர் காத்ததையெல்லாம் நாமே அழிப்பதா?

கிளைவ், என்னை மன்னியுங்கள். எலி பொறியில் சிக்கும்வரை வின்சம் இக்கரையிலேயே இருக்கட்டும். அவர் வேலையைத் தொடர்வோம் என்று இங்கே பலர் உறுதி சொன்னீர்கள். அந்த வேலை இதுதான். இப்போதே தொடங்கியாக வேண்டும்.

நான் நேரே படகுத்துறைக்குப் போகிறேன். கயிறு அவிழ்க்க வருபவர்களிடம் வேண்டாமென்று சொல்வேன். என் குரல் காற்றில் எடுபடாது. தயவுசெய்து, யாராவது என் பக்கத்தில் வந்து நில்லுங்கள்.