கழுவப்போற காலைக் கழுவுன கதை

...அதத்தாங்க நானும் கேக்குறேன். சீட்டு எழுத ஒரு க்யூ, ஊசி போட ஒரு க்யூ, மருந்து வாங்க ஒரு க்யூ. காலு முடியாதவன் மூணு க்யூவுல நிக்க முடிஞ்சா அவன் எதுக்குங்க ஆஸ்பத்திரிக்கு வரப்போறான்? நல்ல வேளை, கூட வந்தவன் நிக்கிறான். அதோ, மருந்து குடுக்குற ஜன்னல்கிட்ட நீலச் சட்டை. நீங்க பேசாதீங்க, பேசாதீங்க. தாடையில துண்டக் கட்டியிருக்கீங்க, பல்லுவலின்னு பாத்தாலே தெரியுது. வாயத் தொறந்தா காத்து பட்டு விண்ணுனு தெறிக்கும். நீங்க தலைய மட்டும் ஆட்டுங்க. பேசுறத நான் பாத்துக்குறேன்.

என் பேரு மரியசூசை. வரதராஜன்பேட்டைப் பக்கம். கொஞ்சம் முந்திரிக்கொல்லை இருக்கு. இந்தக் காலுக்கு எதுக்கு இம்மாம் பெரிய கட்டுன்னுதானே பாக்குறீங்க? எல்லாம் எங்க சர்ச்சு சாமியாரோட வெள்ளைத் துண்டால வந்தது.

இன்னிக்கு எங்களுக்குப் பெரிய வியாழன். நாளைக்குப் பள்ளிக்கூடத்துக்கெல்லாம் லீவு வுடுறாங்கள்ல, அதுக்கு மொத நாளு. ஏசுசாமி சாகுறதுக்கு முந்தி கடைசி ராச்சாப்பாட்டப்போ தன் சீசப்புள்ளைங்க பன்னெண்டு பேருக்கும் மண்டி போட்டு காலக் கழுவி வுட்டாரு. குரு சீசனுக்குக் கழுவுறாருங்க, நம்ம பக்கம் நடக்குமா? அதனால வருசாவருசம் இன்னிக்கு சாயந்தரம் கோயில்ல பன்னெண்டு ஆம்பளைங்கள நாற்காலியில ஒக்கார வச்சு, சாமியாரு மண்டி போட்டு ஆளாளுக்கு வலது கால்ல தண்ணி ஊத்தி, கழுவி, தொடச்சு, முத்தம் குடுப்பாரு. ஆமாங்க, காலுக்குத்தான்.

அந்தப் பன்னெண்டு பேரு யாருன்னு எழுதிக் குடுக்குறது நானு. ஏழு வருசமா. மொத நாற்காலிக்கு ராயப்பர் நாற்காலின்னு பேரு, சீசப்புள்ளைங்கள்ல பெரியவரு அவரு. அதுல யாரு ஒக்காருவான்னு நீங்க கேக்க வேணாம். பேனா என் கையிலதானே இருக்கு.

போன வருசம் என்னாச்சுன்னா, முந்திரி சீசன் பாருங்க, கொட்டை ஒடைச்சு ஒடைச்சு அந்த மேல்தோட்டுல ஊறுற எண்ணெ பட்டு காலு கன்னங்கரேல்னு இருந்துச்சு. சாமியாரு தொடச்ச ஒடனே துண்டு அடுப்புத் துணியாட்டம் ஆயிப்போச்சு. பாட்டுக் கோஷ்டிப் பொண்ணுங்க பாட்ட வுட்டுட்டுச் சிரிக்குதுங்க. ராயப்பருக்கே இந்தக் கதின்னு ஒரு கெழவன் சத்தமாவே சொல்லிட்டான். எனக்கு மானமே போச்சுங்க. அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன், அடுத்த வருசம் என் காலப் பாத்து சாமியாரு கண்ணு கூசணும்னு.

தவக்காலம் நாப்பது நாளும் நான் சும்மா இல்ல. ஊரு கறி திங்காம ஒறுத்தல் பண்ணுது, நான் காலத் தேய்ச்சேன். மொதல்ல செங்கல்லு. அப்பறம் மண்ணெண்ணெ. நேத்து கடைசியா துணிக்குப் போடுற சோடாக்காரம் வாங்கியாந்து தேங்கா நார வச்சு ஒரு மணி நேரம். என் பொண்டாட்டி லீலா மேரி வாசல்ல நின்னு பாத்துட்டு, "கழுவத்தானே போறாரு, கழுவுறதுக்கு முந்தி எதுக்குங்க கழுவுறீங்க"ன்னா. பொம்பளைக்கு என்னா தெரியும்னுட்டேன். கடைசில காலு வெளுத்துச்சுங்க, பொய் சொல்லக் கூடாது. தோலு போனா உள்ளாற வெள்ளையாத்தானே இருக்கும்.

அதோட வூட்ல கெடந்திருக்கணும். கெடந்தனா? மிச்சம் ரெண்டு படி கொட்டை கெடக்குதேன்னு அந்தப் பச்சைக் காலோட கொட்டாய்க்குப் போயி தோட்டு மேலயே நின்னேன், அந்த எண்ணெ நல்ல தோலையே பொசுக்கிப்புடும். காலையில எந்திரிச்சா கொப்புளம் கொப்புளமா, காலு பூசணிக்கா மாதிரி. தரையில வைக்க முடியல.

மாவட்டம் வேற இப்போ பெரம்பலூராயிடுச்சு, போர்ட மாத்தி எழுதியிருக்காங்க பாத்தீங்களா? ரெண்டாயிரத்து ஒண்ணுல அரியலூருன்னு பிரிச்சாங்க, போன வருசம் மறுபடியும் சேத்துட்டாங்க. பிரிச்ச கவுருமெண்டே சேத்துக்குது, நாமதான்... ம். அத வுடுங்க.

இல்ல, சொல்லிடுறேன். நீங்க யாருகிட்டயும் போயி சொல்ல முடியாது, பல்லுவலி. அந்த நீலச் சட்டை என் தம்பிங்க. அமல்தாஸ். பக்கத்து வூடு. நாலு வருசமா பேச்சுவார்த்த இல்ல. எங்க ரெண்டு பேரு கொல்லைக்கும் நடுவுல வரப்புல ஒரு முந்திரி மரம். அவன் பக்கம் வுழுந்த கொட்டைய அவன் பொறுக்குனான், நான் திருடன்னு சொன்னேன். பத்து பேரு நிக்கச் சொன்னேன். அன்னிலேருந்து லிஸ்டுல அவன் பேரு வராது. ஊருல குடிகாரன் பேரு வந்திருக்கு, வட்டிக்கு வுடுறவன் பேரு வந்திருக்கு, அவன் பேரு வரல. அவன் ஒரு நா வந்து ஏன்னு கேட்டதில்ல. கடைசி பெஞ்சுல ஒக்காந்து நான் ராயப்பரா இருக்குறதப் பாத்துட்டுப் போவான்.

இதுல வேடிக்கை, அந்த மரம் காத்துல வுழுந்து ரெண்டு வருசமாச்சுங்க. மரமே இல்ல. நான்தான் வெறைப்பா நின்னுக்கிட்டிருக்கேன்.

பூசை தப்ப மாட்டேன். தெனம் ராத்திரி குடும்பத்தோட செபமாலை. அதுல பரலோக மந்திரம் ஆறு தரம் வரும். எங்களுக்குக் கெடுதல் பண்ணவங்கள நாங்க மன்னிக்கிற மாதிரின்னு ஒரு எடம் இருக்கு பாருங்க, அந்த எடம் வந்தா எனக்கு இருமல் வந்துரும். ஆறு தரமும் வரும். லீலா மேரி துளசித் தண்ணி வச்சுக் குடுத்துப் பாத்தா. கேக்கல. துளசி என்னா பண்ணும் பாவம்.

இன்னிக்குக் காலையில நான் கத்துன கத்துல அவ பக்கத்து வூட்டுக்குத்தான் ஓடுனா. ஒடனே வந்தான் அவன். சொம்புல தண்ணி கொண்டாந்தான், மண்டி போட்டு ஒக்காந்தான், என் காலத் தூக்கித் தன் தொடை மேல வச்சுக்கிட்டான். சோப்பு போட்டு மெல்ல மெல்லக் கழுவுனான். தோள்ல கெடந்த துண்டால ஒத்தி எடுத்தான். தேங்காண்ணெ தடவுனான். வலது காலுங்க. சாயந்தரம் சாமியாருகிட்ட நீட்டணும்னு நாப்பது நாளு தேய்ச்சேனே, அதே காலு.

எனக்கு அழுகை வந்துருச்சு. வலியில அழுவுறேன்னு நெனைச்சுக்கிட்டு இன்னும் மெதுவாத் தடவுறான். அவ்வளவு வெக்கமா என் ஆயுசுல இருந்ததில்ல.

அப்பறம் சைக்கிள் கேரியர்ல ஒக்கார வச்சு ரோட்டுக்குக் கூட்டியாந்தான், பஸ்ஸேத்துனான், ஒரு சீட்டுல பக்கம் பக்கமா ஒக்காந்து வந்தோம். ஒரு வார்த்த பேசலீங்க நானு. ஒங்களப் பாத்து அரை மணி நேரம்தான் ஆவுது, என் வண்டவாளம் பூராத்தையும் கொட்டிட்டேன். அவன்கிட்ட வாயத் தொறந்தா இருமல்தான் வருது. சாமியாரு வேற, நாங்க பஸ்ஸேறுறதுக்குள்ள ஆளு மூலமா சொல்லி வுட்டாரு, புண்ணு காலு ஆவாது, ராயப்பரு எடத்துக்கு வேற ஆளு எழுதி சாயந்தரத்துக்குள்ள அனுப்புங்கன்னு. யாரு பேர எழுதணும்னு தெரியாமயா ஒங்கள இந்தப் பாடு படுத்துனேன்? தெரியும். எழுதிடலாம். அவன்கிட்ட சொல்லணுமே, அதுதான்...

கூப்புடுறாங்க பாருங்க, ஒங்களத்தான். போங்க போங்க. இவ்வளவு வெரசா எந்திரிக்கிறீங்க, பல்லப் புடுங்கப் போறவரு மாதிரியே இல்ல. சரி, போயிட்டு வாங்க.

வந்துட்டான். க்கும்... க்கும்... சனியன், இந்த இருமல் வேற.

அமல்தாசு. என்னடா முழிக்கிற, அண்ணன்தான் பேசுறேன். மருந்து அப்பறம் பாத்துக்கலாம், இப்புடி ஒக்காரு. நான் அன்னிக்கு ஒன்னைய அந்த வார்த்த சொன்னது தப்புடா. சும்மா இரு, குறுக்க பேசாத, நானே நாலு வருசங்கழிச்சு இப்பதான் வாயத் தொறக்குறேன். சாயந்தரம் ஆறு மணிக்குக் கோயிலுக்கு வந்துரு. கடைசி பெஞ்சு இல்ல, மொத நாற்காலி. எதுக்கு இப்போ காலக் குனிஞ்சு பாக்குற? கறுப்பா இருந்தா இருக்கட்டும். கொல்லையிலேருந்து நேரா வா. கழுவாமயே வா.