வெயிட்டிங் லிஸ்ட்டில் ஒரு மூக்கு

நவநீதன்: ...அதுக்கு எங்கப்பா கேக்குறாரு, ஏன்டா, ஃப்ளைட்டு காத்தாடி வெளியவே சுத்துதே, அதுல லுங்கி மாட்டிக்கினா இன்னா பண்ணுவேன்னு.

காஷிஃப்: லுங்கி கட்டிக்கினா ஃப்ளைட் ஓட்டப் போற?

நவநீதன்: அவருக்கு உலகமே லுங்கிதான்டா. முப்பது வருஷமா குடியாத்தத்துல பவர்லூம் ஓட்றவரு. புள்ளைக்கு ரெண்டு கம்பெனில பைலட் வேலை வந்திருக்குன்னு சொன்னா, எதுல மெஷின் புதுசுன்னு கேக்குறாரு.

காஷிஃப்: நல்ல கேள்விதான். உனக்குத் தோணல பாரு. ...அந்த முனைய புடி. இழு. இன்னும் கொஞ்சம்.

நவநீதன்: வழவழன்னு இருக்குடா.

காஷிஃப்: ஈரத் தோல் வழவழன்னுதான் இருக்கும். மூக்குலருந்து கர்சீப்ப எடு மொதல்ல. பேரணாம்பட்டு டேனரிக்குள்ள வந்துட்டு மூஞ்சிய மூடிக்கினு நிக்கிற. பாக்குறவன் திருட வந்தவன்னு நெனைப்பான்.

நவநீதன்: எப்டிடா இந்த நாத்தத்துல காலைலருந்து நிக்கிற?

காஷிஃப்: எந்த நாத்தம்?

நவநீதன்: ...சரி விடு.

காஷிஃப்: இல்ல, சொல்லு. எந்த நாத்தம்?

நவநீதன்: விட்றான்றேன் இல்ல.

காஷிஃப்: விட்டுட்டேன். விஷயத்துக்கு வா. சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள ரெண்டு கம்பெனில ஒண்ணுக்கு வர்றேன்னு மெயில் அனுப்பணும். இப்ப மணி மூணே கால். அதுக்குப் போய் குடியாத்தத்துலருந்து பஸ் புடிச்சி, வேலை கிடைக்காத ஒரு பைலட்கிட்ட யோசனை கேக்க வந்திருக்க.

நவநீதன்: ட்ரெய்னிங்ல ரெண்டு வருஷம் ஒரே ரூம்ல கெடந்தோம். உன்ன கேக்காம எவன கேக்கச் சொல்ற?

காஷிஃப்: கேளு, கேளு. இப்ப இந்தத் தோல திருப்பிப் போடு. எங்கப்பா நாப்பது வருஷமா இந்த மேஜைல நின்னு தோலத் தரம் பிரிக்கிறாரு. அவரு தோலுக்குப் பண்றத நான் உன் கம்பெனிக்குப் பண்றேன். சுத்தமா இருந்தா ஒண்ணாம் செலக்‌ஷன். உண்ணி கடிச்ச தழும்பு இருந்தா மூணு. கிழிசல் இருந்தா அஞ்சு. அதுக்கும் கீழன்னா கையுறை தைக்கக் கூட எடுக்க மாட்டான்.

நவநீதன்: ஏர்லைன்ஸ ஆட்டுத் தோலாட்டம் பாக்குறியா?

காஷிஃப்: ஆட்டுத் தோல் பொய் சொல்லாது. ஏர்லைன்ஸ் சொல்லும். மொதல்ல பெங்களூரு கம்பெனி.

நவநீதன்: எழுபது சீட்டு. ரெண்டு றெக்கையிலயும் காத்தாடி. சேலம், ஹூப்ளி, விஜயவாடான்னு கிட்டக் கிட்ட ஊருங்க. வாரத்துல ரெண்டு நாள் லீவு. ட்ரெயின் ஏறினா மூணு மணி நேரத்துல வீடு.

காஷிஃப்: அதாவது அழுக்குத் துணிய மூட்டை கட்டிக்கினு வந்து அம்மாகிட்ட குடுத்துட்டுப் போலாம்.

நவநீதன்: ...அதுவும்தான்.

காஷிஃப்: ஒண்ணாம் செலக்‌ஷன். கைய வெச்சாலே தெரியுது. அடுத்தது?

நவநீதன்: குவாஹாத்தி. பத்தொம்போது சீட்டு.

காஷிஃப்: இது ஃப்ளைட்டா, மினி பஸ்ஸா?

நவநீதன்: எங்கம்மாவும் அதான் கேட்டாங்க. டிக்கெட்டும் நீதான் கிழிக்கணுமான்னு. உள்ள பாத்ரூம் இல்லன்னு சொன்னேன். அப்ப வாணாம்பா, மனுசன் உக்கார்ற வண்டியா அதுன்னுட்டாங்க.

காஷிஃப்: ராஜம்மாள் அம்மா ஒரே பேச்சுல முடிச்சிட்டாங்க. கல்யாணத் தரகர்கிட்டயும் சொல்லிட்டாங்களா?

நவநீதன்: பெங்களூரு மாப்பிள்ளைன்னு சொல்லி ரெண்டு ஜாதகம் வாங்கி வெச்சிருந்தாங்க. குவாஹாத்தின்னு ஒண்ணு இருக்குன்னு வாய் தவறிச் சொல்லிட்டாங்களாம். அது எந்த நாடுன்னு கேட்டுட்டு அந்தாளு ஒரு ஜாதகத்தத் திருப்பி வாங்கிக்கினு போய்ட்டாரு.

காஷிஃப்: பாதி கல்யாணம் போச்சா. இவ்ளோதான், ஒண்ணு பாக்கி இருக்கும்போதே பெங்களூருக்கு மெயில் அனுப்பு.

நவநீதன்: நீ குவாஹாத்திய முழுசா கேக்கவே இல்ல. மலைங்களுக்கு நடுவுல ஓட்டணும்டா. துண்டு ரன்வே. மழை, மேகம். ஒரு நாளைக்கு ஆறு வாட்டி ஏத்தலாம், ஆறு வாட்டி எறக்கலாம். மூணு வருஷத்துல கேப்டன்.

காஷிஃப்: இல்லன்னா மூணு மாசத்துல வீட்டுச் செவுத்துல போட்டோ. மாலையோட.

நவநீதன்: வாயக் கழுவு.

காஷிஃப்: துவைச்ச துணி காயுமா அங்க?

நவநீதன்: பாதி வருஷம் மழைதானாம்.

காஷிஃப்: அஞ்சாம் செலக்‌ஷன். எடு போன. பெங்களூரு.

நவநீதன்: இருடா.

காஷிஃப்: இன்னா இரு? உனக்கு மலை வாணாம், மழை வாணாம். சென்னைல லிஃப்ட்ல ஏறும்போதே வயித்தப் புடிச்சிக்கினவன் நீ. உண்மைய சொல்லு. பெங்களூரு வோணுமா, வாணாமா?

நவநீதன்: குவாஹாத்தி எனக்கு சரியா இருக்கும்னு தோணுது.

காஷிஃப்: மூஞ்சியப் பாத்து சொல்லு.

நவநீதன்: தோலப் பாத்துக்கினே சொல்றேனே. நீதான இழுத்துப் புடின்ன.

மஹபூப் பாஷா: இன்னா பைலட் சாப், லேண்டிங் ஆச்சா இல்லையா? இன்னும் எழுபது தோல் கெடக்குது. அஞ்சு மணிக்கு ஆம்பூர் லோடு ஏத்தணும்.

காஷிஃப்: ஆச்சு மேஸ்திரி. இவன்தான் நவநீதன். என்கூட ட்ரெய்னிங் எடுத்தவன். ஒரு கை புடிக்கட்டும்னு நிக்க வெச்சிருக்கேன்.

மஹபூப் பாஷா: அப்ப இவரும் பைலட்டா? அல்லாவே. தோல் புடிக்க ரெண்டு பைலட்டு. இந்த ஜில்லாவுலயே எந்த டேனரிக்கும் இந்தக் குடுப்பன இல்ல. தம்பி, கீழப் போட்றாதீங்க, அது ஃப்ளைட் இல்ல, காசு.

காஷிஃப்: போய்ட்டாரா? ...மூணு மாசமா இதே கிண்டல். டீ குடிக்கப் போனா டேக் ஆஃப், உக்காந்தா லேண்டிங். சரி, நீ இன்னா முழிக்கிற?

நவநீதன்: நான் பெங்களூரு போனா, வெயிட்டிங் லிஸ்ட் அப்டியே நின்னுடும்.

காஷிஃப்: இன்னா வெயிட்டிங் லிஸ்ட்டு?

நவநீதன்: தெரியாத மாதிரி பேசாத. அந்த லிஸ்ட்ல மொத பேரு உன்து. நான் போவலன்னா அந்த இடம் உனக்கு. குவாஹாத்திக்காரன் உனக்கு பதிலே போடல. வேற எங்கயும் உனக்கு ஒண்ணும் வரல.

காஷிஃப்: அதனால? எனக்குப் பிச்சை போட பஸ் ஏறி வந்தியா?

நவநீதன்: பிச்சைன்னு யாரு சொன்னது?

காஷிஃப்: வேற இன்னா? தபாரு, எனக்கு எவன் தயவும் வாணாம். என்ன வெயிட்டிங் லிஸ்ட்ல நிறுத்தினது என் மூக்கு. நீ இல்ல. மூக்கு இருக்கிறவன் போ. பெங்களூரு போயி ஏசி ரூம்ல தூங்கு.

நவநீதன்: அன்னிக்கு நடந்தத அப்புறம் நெனச்சிப் பாத்தியா?

காஷிஃப்: தினமும் நெனச்சிச் சிரிக்கிறேன். பெங்களூரு கம்பெனி வெச்ச கடைசி ரவுண்டு. ஃப்ளைட் மாதிரியே செட் பண்ண டப்பாக்குள்ள நீயும் நானும். நான் கேப்டன் சீட்டு, நீ கோ-பைலட். பின்னாடி அந்த மீசைக்காரரு மார்க் போட நோட்டோட. கீழ நெசமாவே ஒயர் எரியுது. அவங்களே வெச்ச பரீட்சை கூட இல்ல, தானா எரியுது. நீ சொல்ற, கேப்டன், ஒயர் தீயுற வாடைன்னு. மீசைக்காரரு எழுந்து ஓடுறாரு. வெளிய இருந்தவங்க எல்லாம் மூக்கப் புடிச்சிக்கினு ஓடுறாங்க. அப்பவும் எனக்கு ஒண்ணும் தெரியல.

நவநீதன்: உனக்கு வாடையே வரலையான்னு கேட்டாரு.

காஷிஃப்: நான் பேரணாம்பட்டு சார், இதெல்லாம் எங்க ஊர்ல நாத்தத்துல சேராதுன்னேன். விழுந்து விழுந்து சிரிச்சாரு. சிரிச்சிக்கினே என்ன வெயிட்டிங் லிஸ்ட்ல போட்டாரு. புகை வாடை தெரியாதவன்கிட்ட எழுபது பேர எப்டி ஒப்படைக்கிறதுன்னாரு. நியாயம்தான். எங்கப்பாகிட்ட சொன்னேன். அந்த நாத்தத்துலதான்டா உன்னப் படிக்க வெச்சேன்னு சொல்லிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கினாரு.

நவநீதன்: நீ நல்லா ஓட்டின. என்ன விட நல்லா ஓட்டின.

காஷிஃப்: தெரியும்.

நவநீதன்: எனக்கு ரெண்டு நிமிஷம் முன்னாடியே வாடை வந்துடுச்சி.

காஷிஃப்: இங்கயா?

நவநீதன்: அங்க. நான் சொன்னேன் இல்ல, ஒயர் தீயுதுன்னு. அதுக்கு ரெண்டு நிமிஷம் முன்னாடியே. கோ-பைலட் நான். வந்த உடனே சொல்லணும். அதுக்குத்தான் பக்கத்துல உக்கார வெக்கிறாங்க. சொல்லல.

காஷிஃப்: ஏன்?

நவநீதன்: அன்னிக்குக் காலைல கம்பெனி மேடம் வந்து சொன்னாங்க இல்ல, இனிமே ஒரு இடம்தான் பாக்கின்னு. உனக்கு வாடை தெரியாதுன்னு எனக்குத் தெரியும்டா. ரூம்ல பால் தீஞ்சாலும் நான்தான் ஓடி வந்து அடுப்ப அணைப்பேன். நீ கண்டுபுடிக்க மாட்ட, வாடை மீசைக்காரரு மூக்கு வரைக்கும் போவட்டும், அப்புறம் நான் சொல்லலாம்னு... உக்காந்திருந்தேன். அவரு மூக்க உறிஞ்சினாரு. நான் கணீர்னு சொன்னேன்.

காஷிஃப்: நடுவுல நான் உன்ன கேட்டேன். எல்லாம் நார்மலான்னு.

நவநீதன்: நார்மல்னு சொன்னேன்.

காஷிஃப்: ...தோல கீழ வை.

நவநீதன்: அடிக்கணும்னா அடிச்சிடு.

காஷிஃப்: கையெல்லாம் தோல் மருந்து நீலம். உன் சட்டை வீணாப் போவும்.

நவநீதன்: போவட்டும்.

காஷிஃப்: மூணு மாசம். மூணு மாசமா என் மூக்கத் திட்டிக்கினு இருக்கேன்டா. வேலூர் போய் மூக்கு டாக்டரப் பாத்தேன். காபித்தூள் ஒரு டப்பா, கிராம்பு ஒரு டப்பா, கண்ண மூடிக்கினு மோந்து பாரு, எது எதுன்னு சொல்லுன்னாரு. ரெண்டும் பிரியாணின்னேன். தினமும் பழகினா கொஞ்சம் கொஞ்சமா வரும்னாரு. அன்னிலருந்து காலைல எழுந்தா மாடில போய் ஒரு துண்டு ஒயரக் கொளுத்தி மோந்து பாக்குறேன். எங்கம்மா மந்திரிக்கிற ஹஜரத்தக் கூட்டிக்கினு வரட்டுமான்னு அழுவுறாங்க.

நவநீதன்: இப்ப தெரியுதா?

காஷிஃப்: ஒயர் தெரியுது. டாக்டரே எழுதிக் குடுத்துட்டாரு, கம்பெனிக்கும் அனுப்பிட்டேன். இங்க இருக்கிறதுதான் இன்னும் தெரியல. உன்னப் பத்தியும் தெரியல பாரு, ரெண்டு வருஷம் பக்கத்துலயே படுத்திருந்தும்.

நவநீதன்: திட்டு. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.

காஷிஃப்: மெயில் அனுப்புறியா இல்லையா? மணி நாலாவப் போவுது.

நவநீதன்: அஞ்சு மணியெல்லாம் பொய்டா. பெங்களூருக்கு வரலன்னு திங்கக்கெழமையே எழுதிட்டேன். குவாஹாத்திக்கு வர்றேன்னு அன்னிக்கே சொல்லிட்டேன். வீட்ல யாருக்கும் தெரியாது. அந்த ரெண்டு நிமிஷத்த உன்கிட்ட சொல்லணும்னுதான் வந்தேன். வந்து நின்னா வாய் வரல. அதான் லுங்கி, தரகருன்னு உளறிக்கினு இருந்தேன்.

காஷிஃப்: நீ வரலன்னு எழுதிட்டன்னு எனக்குத் தெரியும். புதன்கெழமையே பெங்களூருக்காரன் எனக்கு வேலை லெட்டர் அனுப்பிட்டான். பிரின்ட் எடுத்து சட்டைப் பாக்கெட்லதான் வெச்சிருக்கேன், இன்னும் கையெழுத்து போடல. எனக்காக நீ விட்டுக் குடுத்துட்டன்னு நெனச்சி ரெண்டு நாளா சோறு எறங்கல எனக்கு. பெங்களூரு வோணும்னு நீ ஒரே ஒரு வாட்டி சொல்லியிருந்தா இங்கயே உன் எதுருல கிழிச்சிப் போட்டிருப்பேன். அதுக்குத்தான்டா திருப்பித் திருப்பிக் கேட்டேன். இப்ப கிழிக்க மாட்டேன். தாங்க்ஸும் சொல்ல மாட்டேன். பேனா வெச்சிருக்கியா?