நூலிழை டாக்டர்

உங்கள் நாற்காலி நன்றாக இருக்கிறது ஐயா. முதுகுக்கு மெத்தை, கை வைத்துக்கொள்ள இடம், சுற்றினால் சத்தம் இல்லை. தேர்வு எழுத வருகிறவர்களுக்கு இடுப்பொடியும் இரும்பு நாற்காலியைப் போட்டுவிட்டு, விசாரணைக்கு வருகிறவர்களுக்கு இதைப் போட்டிருக்கிறீர்கள். அது எந்த நியாயத்தில் சேர்த்தி என்று தெரியவில்லை. இருக்கட்டும், நான் குறை சொல்ல வரவில்லை.

நான் மயக்க மருந்து மருத்துவர். சிறப்பு மருத்துவத் தேர்வுக்குத் தேர்ச்சி மதிப்பெண் குறிக்கும் குழுவில் சில வருஷங்களாக உட்கார்ந்திருக்கிறேன். என் கணவரும் மயக்க மருந்து மருத்துவர்தான். பயிற்சியெல்லாம் முடித்துவிட்டார், சான்றிதழ் மட்டும் கிடைக்கவில்லை. அதனால் தேறிய ஒருவரின் மேற்பார்வையில் வேலை பார்க்கிறார். வருஷா வருஷம் தேர்வு எழுதுகிறார், வருஷா வருஷம் ஒன்றிரண்டு மதிப்பெண்ணில் கோட்டை விடுகிறார். அவரைத் தவறவைத்தது நான்தானா என்று கேட்டீர்கள். ஆமாம், நான்தான். அதை மூடி மறைக்க எனக்கு உத்தேசமில்லை. எப்படி, ஏன் என்று கேட்டால் நீங்களே தலையசைப்பீர்கள்.

நீங்கள் சட்டம் படித்தவர். எங்கள் குழுவில் தேர்ச்சிக் கோடு எப்படிப் போடுவோம் என்று தெரிந்திருக்காது. கேள்விகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம். இந்தத் தொழிலுக்கு ஏதோ ஒருவிதத்தில் போதும், ஒரு நூல் குறைந்தால் போதாது என்கிற மாதிரி ஒரு டாக்டரை மனதில் நிறுத்திக்கொள்ள வேண்டும். எங்கள் குழுத் தலைவர் அவருக்கு ‘நூலிழை டாக்டர்’ என்று பெயர் வைத்திருந்தார். அப்படிப்பட்ட நூறு பேரை வரிசையாக நிறுத்தினால் இந்தக் கேள்விக்கு எத்தனை பேர் சரியாகப் பதில் சொல்வார்கள் என்று ஆளாளுக்கு எழுதித் தரவேண்டும். எல்லோருடைய எண்ணையும் சேர்த்துச் சராசரி பார்த்தால் அதுதான் தேர்ச்சிக் கோடு. ஊரெல்லாம் தூக்கம் கெட்டு அஞ்சுகிற அந்த மதிப்பெண், பிஸ்கட் தட்டைச் சுற்றி உட்கார்ந்த எட்டுப் பேரின் கற்பனை. வேறொன்றுமில்லை.

மற்றவர்கள் பாவம், கற்பனை செய்துகொள்ளத் திண்டாடுவார்கள். தலைவர் கண்ணை மூடிக்கொள்வார், சில சமயம் அப்படியே தூங்கியும் போவார். எனக்கு அந்தச் சிரமம் இல்லை. என் நூலிழை டாக்டர் வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தார்.

நான் எடுத்த எடுப்பிலேயே இதில் இறங்கிவிடவில்லை. முதல் தடவை அவர் தவறியது அவராகவேதான். அப்போது நான் குழுவிலேயே இல்லை. அதற்கு முன்பு எங்கள் வாழ்க்கை எப்படி இருந்தது என்று சொன்னால் உங்கள் வீட்டம்மாவும் ஒத்துக்கொள்வார். அவருக்கு இரவுப் பணி என்றால் எனக்குப் பகல் பணி. வாசலில் எதிரும் புதிருமாகச் சந்திப்போம், சாவி கை மாறும், அவ்வளவுதான். பேச்சு என்றால் பால் தீர்ந்துவிட்டது, குழாய் ஒழுகுகிறது. முடிவு வந்த அன்று மாலை அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் சாப்பாட்டு மேசை முன்னால் உட்கார்ந்துவிட்டார். நான் தண்ணீர் கொண்டுபோய் வைத்தேன்.

“எனக்கு நீ சொல்லிக்குடேன், டாக்டரம்மா,” என்றார். “உன்ன மாதிரி யாராலும் சொல்லித்தர முடியாது.”

அன்று முதல் தினமும் மாலை அந்த மேசையில் பாடம். அவர் ஒரு பக்கம், நான் எதிர்ப்பக்கம், நடுவில் தடித்தடிப் புத்தகங்கள். நான் கேள்வி கேட்பேன், அவர் யோசிப்பார். தெரிந்த பதில் என்றால் முகமெல்லாம் பல்லாக இருக்கும். தெரியாவிட்டால் காது மடலைத் தடவிக்கொண்டு, “இதோ, நுனி நாக்குல இருக்கு,” என்பார். நான் விளக்கும்போது கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கேட்பார். கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் ஒருவரும் நான் பேசியதை அப்படிக் கேட்டதில்லை. நான் சந்தோஷமாக இருந்தேன் ஐயா. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அந்த வருஷம்தான் குழுவில் சேரும்படி எனக்கு அழைப்பு வந்தது. குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்பது வெளியே தெரியக்கூடாது என்பதால், மருத்துவர்கள் மாநாடு என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போனேன். தலைவர் முதல் நாளே எல்லோரையும் பார்த்து, வீட்டில் யாராவது தேர்வு எழுதுகிறார்களா என்று கேட்டார். எல்லோரும் சிரித்தபடி தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று அவர் உற்றுப் பார்க்கவில்லை. நம் ஆட்களின் தலையாட்டலை நம்பி ஒரு விதியை அமைத்திருந்தால் அது என் தப்பா?

ஒன்றை மட்டும் நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரு கேள்வியைக்கூட நான் அவரிடம் கசியவிட்டதில்லை. அந்த விஷயத்தில் நான் நெருப்பு. அவருக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்பது மட்டும் எனக்கு அத்துப்படி. அவருக்குத் தெரிந்த கேள்வி வந்தால், நூறில் தொண்ணூற்றைந்து பேர் சொல்லிவிடுவார்கள் என்று எழுதுவேன். தெரியாத கேள்வி என்றால் பாதிப் பேர் சொல்வார்கள் என்று எழுதுவேன். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் நியாயமான எண்கள். கூட்டிப் பார்த்தால் மட்டும் கோடு அவர் தலைக்கு ஒரு நூல் மேலே போய் நிற்கும்.

நான் ஒருத்தி எழுதி எட்டுப் பேரின் சராசரி எப்படி ஏறும் என்று கேட்பீர்கள். அதற்கு டாக்டர்களைத் தெரிந்திருக்க வேண்டும். நான் முதலில் வாய் திறப்பேன். “இதுகூடத் தெரியாதவர் ஊசியையே தொடக்கூடாது” என்று சாதாரணமாகச் சொல்லி வைப்பேன். அதன் பிறகு, எனக்கே இது கஷ்டமான கேள்விதான் என்று சொல்ல எந்த டாக்டருக்கு மனம் வரும்? பேனாவை எடுத்து, எழுதியிருந்த எண்ணை அடித்துவிட்டு, கூட்டி எழுதுவார்கள். ஓய்வுபெறும் வயதில் இருந்த ஒருவர், கேள்வியே புரியாமல் தொண்ணூறு போட்டதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். நான் யாரையும் வற்புறுத்தவில்லை. அவரவர் கௌரவம் வேலையைப் பார்த்துக்கொண்டது.

இப்படியே வருஷங்கள் போயின. நான் நன்றாகச் சொல்லிக் கொடுத்தேன், அவர் நன்றாகப் படித்தார். அவர் எவ்வளவு ஏறினாரோ, கோடும் அவ்வளவு ஏறியது. வேண்டுமென்றே அரைகுறையாகப் பாடம் நடத்தியிருக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். அது ஏமாற்று வேலை, அதற்கு நான் ஆள் இல்லை.

என் மாமியார் போன் செய்யும்போதெல்லாம் புலம்புவார். சின்ன வயதிலிருந்து எல்லாப் பாடத்திலும் முதல் ஆளாக வந்த பிள்ளையாம். “எம்புள்ள மேல யாரோ கண்ணு வச்சிட்டாங்கம்மா,” என்பார். இருக்கலாம் அத்தை, என்பேன். அவர் சொன்னது முழுக்கத் தவறு என்று சொல்ல முடியாதே.

என் கணவரோடு சேர்ந்து வேறு பலரும் தவறினார்கள் என்பது உண்மை. கோடு எல்லோருக்கும் ஒன்றுதான், ஒருவருக்கு மட்டும் தனியாகப் போட வழியில்லை. பேருந்தில் ஒருவர் இறங்குவதற்கு வண்டி மொத்தமும் நிற்கத்தான் வேண்டும். சிலர் மனம் விட்டுப்போய்த் தொழிலையே விட்டுவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். தேறியவர்கள் குறைந்ததால், தூரத்து ஊர் ஒன்றில் மயக்கம் கொடுக்க ஆளில்லாமல் அறுவை அரங்கைப் பூட்டிவிட்டார்களாம். பிரசவத்துக்கு வந்த பெண்ணை அடுத்த ஊருக்கு அனுப்பியதில் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது என்று செய்தித்தாளில் போட்டிருந்தது. படிக்கக் கஷ்டமாகத்தான் இருந்தது. அன்று மாலை பாடத்தைக் கொஞ்சம் தாமதமாகத்தான் தொடங்கினேன்.

என் கணவரிடம் ஊசி பிடிக்கக் கற்றுக்கொண்ட பிள்ளைகள், மனப்பாடம் செய்து தேறி, அவருக்கே மேற்பார்வை பார்க்க வந்தார்கள். அவர் அதற்காக முகம் சுளித்ததில்லை. ஒரே ஒரு தடவை மட்டும், ஒரு மதிப்பெண்ணில் தவறிய வருஷம், புத்தகத்தை மூடி மேசை ஓரத்துக்குத் தள்ளிவைத்தார்.

“கோடு போடுறவங்க யாருன்னு தெரிஞ்சா ஒரே ஒரு வார்த்தை கேக்கணும்,” என்றார்.

“என்ன கேப்பீங்க?”

“ஒரு தடவையாவது என்னை நேர்ல பாத்திருக்கீங்களான்னு.”

எழுந்துபோய் அடுப்பில் பாலை வைத்தேன். அது பொங்கி வழிகிறவரை அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். திரும்பி வந்தபோது அவர் புதுப் புத்தகத்தைப் பிரித்து, முதல் பாடத்தில் விரலை வைத்திருந்தார். எனக்கு நிம்மதியாகிவிட்டது.

பிடிபட்டது என் வாயால்தான். இந்த வருஷக் கூட்டத்தில் ஒரு கேள்வி, சிறுநீரகம் கெட்ட நோயாளிக்கு மருந்தின் அளவை எப்படிக் குறைப்பது என்று. புதிதாகக் குழுவுக்கு வந்திருந்த பெண் டாக்டர், இது நூலிழை டாக்டருக்குத் தெரியுமா என்று என்னிடம் கேட்டாள். நான் பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்துக்கொண்டே, அளவு தெரியும், ஆனால் கொஞ்ச நேரம் காது மடலைத் தடவிவிட்டு, நுனி நாக்கில் இருக்கிறது என்பார், அப்புறம்தான் சொல்வார் என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. என் கணவரிடம் வேலை கற்றுக்கொண்டவள் அவள்.

“மேடம், நீங்க சொல்றது உங்க வீட்ல இருக்குற எங்க சாரத்தான?” என்று மெல்லக் கேட்டாள்.

பிஸ்கட் உடைந்து தேநீருக்குள் விழுந்துவிட்டது. மிச்சமெல்லாம் உங்களுக்குத் தெரியும்.

ஏன் செய்தேன் என்பதற்கு என்னிடம் ஒரே பதில்தான் இருக்கிறது. நோயாளிகளுக்காக. அவர் வேலையில் கெட்டிக்காரர், ஆனால் இன்னும் கொஞ்சம் பக்குவப்பட வேண்டும். தேறியவுடன் அவரைத் தலைமைப் பொறுப்புக்கு எடுத்துக்கொள்ள வேறு ஊரில் பெரிய மருத்துவமனை ஒன்று காத்திருந்தது. போயிருந்தால் படிப்பை நிறுத்தியிருப்பார். தேறியவர்கள் யாரும் அதற்குப் பிறகு புத்தகத்தைத் தொடுவதில்லை, யாரிடமும் எதையும் கேட்பதும் இல்லை. மயக்கத்தில் கிடக்கிற மனிதருக்குத் தனக்காகப் பேச வாய் கிடையாது. அவருக்காக யாராவது கறாராக இருக்கத்தானே வேண்டும்? நான் இருந்தேன்.

கடைசியாக நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். ஆமாம், அந்த ஒரு மதிப்பெண் விவகாரம் நடந்து கொஞ்ச நாளில் எனக்குப் பித்தப்பையில் அறுவை நடந்தது, அவருடைய மருத்துவமனையில்தான். மயக்கம் கொடுக்கச் சான்றிதழ் உள்ளவர்கள் அங்கே நிறையப் பேர் இருந்தார்கள். எல்லோரும் என் கோட்டைத் தாண்டி வந்தவர்கள், எனக்குத் தெரியும். அவர்கள் யாரும் வேண்டாம், இவர்தான் என் தலைமாட்டில் நிற்க வேண்டும் என்று நான்தான் அடம்பிடித்தேன். மேற்பார்வைக்கு வந்தவரைக் கதவோரமாகவே நிற்கச் சொன்னேன். என் கணவர் முகமூடியை என் மூக்கின் மேல் வைத்து, “பயமா இருக்கா டாக்டரம்மா?” என்றார். இல்லை என்றேன். உண்மையாகவே எனக்குத் துளியும் பயமில்லை.

தகுதி போதாது என்று நீங்களே தள்ளிவிட்டவரிடம் உங்கள் உயிரை எப்படி ஒப்படைத்தீர்கள் என்கிறீர்கள். இதில் யோசிக்க என்ன இருக்கிறது ஐயா? அன்று நான் குழுவில் உட்கார்ந்திருக்கவில்லை. நோயாளியாகப் படுத்திருந்தேன்.